புயல் எந்த வேகத்தில் நகர்கிறது என்பதையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் வரைபடம் வந்துவிடுகிறது. கடலில் ஒரு சுழி, அதிலிருந்து கரைக்கு ஓர் அம்பு, பக்கத்தில் காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்று கொட்டை எழுத்தில் ஒரு கட்டம். அந்தப் புயல் எந்த வேகத்தில் நகர்ந்து வருகிறது என்ற தகவல் மட்டும் செய்தியின் அடியில் எங்கோ கிடக்கும். சில நாள் அதுவும் இருக்காது. விழுப்புரம் மாவட்டத்துக்காரனான எனக்கு அந்த இரண்டாவது எண்தான் பெரிது.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வட்டாட்சியர் அலுவலகத்தில் மழைமானி பார்க்கும் வேலை பல வருடம் என் தலையில் இருந்தது. காலை 8.30 மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் குப்பியை எடுத்து, தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்திக் கோட்டைப் படிக்க வேண்டும். புனலில் ஒரு வேப்பிலை அடைத்துக்கொண்டாலும் கணக்குக் கெட்டுவிடும். குவளை சிறியது. அடைமழை நாளில் ஊற்றுவது, குறிப்பது, கொட்டுவது, மறுபடி ஊற்றுவது என்று குடைக்குள் நின்றுகொண்டே இருப்போம். 2024 டிசம்பர் 1 காலை மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை பதிவானது என்று கேட்டபோது, அந்தக் குவளையை எத்தனை முறை நிரப்பியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 50 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். எந்த ஏரிக்கரை இதைத் தாங்கும்?

இத்தனையும் கொட்டிய ஃபெஞ்சல், காற்றின் கணக்கில் சாதாரணப் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மணிக்கு 70, 80 கி.மீ. வேகம்தான். இந்தப் பக்கத்து ஜனங்கள் 2011 தானே புயலைப் பார்த்தவர்கள். பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை மறக்காதவர்கள். 'தானேவுக்கு முன்னால் இது எம்மாத்திரம்' என்று தெருவில் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. தானே காற்றால் அடித்தது, ஃபெஞ்சல் தண்ணீரால் அடித்தது. காற்றை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் பொழுது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய கடலிலிருந்து ஈரக்காற்று மேலெழுகிறது. அது குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் வெப்பம் இன்னும் காற்றை மேலே இழுக்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றிலும் இருந்து காற்று பாய்கிறது, பூமியின் சுழற்சி அதைச் சுழற்றிவிடுகிறது. ஆனால் புயல் தானாக ஊர் போய்ச் சேர்வதில்லை. அதைச் சுற்றியுள்ள பெருங்காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும் காற்றுகள் எதிரும் புதிருமாகச் சமமாகிவிட்டால், புயல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஃபெஞ்சல் அப்படித்தான் கரையேறிய பின் பல மணி நேரம் புதுச்சேரி அருகே அசையாமல் நின்றது. மையம் நிலத்தில் இருந்தாலும், அதன் கிழக்குக் கை கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டே இருந்தது. புதுச்சேரியில் மட்டும் 46 செ.மீ.க்கு மேல் மழை. அந்த இரவு தொலைக்காட்சிக்காரர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரையில் காற்றுக்காகக் காத்திருந்தார்கள்!

அமெரிக்காவில் இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி என்ற ஹரிக்கேன் நான்காம் வகைப் புயலாக டெக்சாஸ் கரையில் ஏறியது. காற்று ஒரே நாளில் தணிந்துவிட்டது, புயல் மட்டும் நாட்கணக்கில் அங்கேயே சுற்றியது. நெடர்லாண்ட் என்ற ஊருக்கு அருகே 150 செ.மீ.க்கும் மேல் மழை. டெக்சாஸில் புயலால் நேரடியாக இறந்த 68 பேரில் மூவரைத் தவிர மற்ற எல்லோரையும் கொன்றது மழை வெள்ளம். ஒன்று முதல் ஐந்து வரையிலான அவர்களுடைய வகைப்பாடு காற்றை மட்டுமே கணக்கில் கொள்வது. மழைக்கு அதில் இடமே இல்லை.

இன்னொன்று. காலை 8.30 மணி அளவு தங்கள் நாளிதழில் மறுநாள் காலையில் வருகிறது. டிசம்பர் 1-ம் தேதி பகலிலும் இரவிலும் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்தது. 2-ம் தேதி விடியுமுன் அந்த ஆற்றில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டி வந்தது. அன்றே அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம். ஊத்தங்கரை மழையளவை 3-ம் தேதி அச்சில் படித்து ஆற்றோரத்துக்காரன் என்ன செய்வான்? திருவண்ணாமலை மலைச்சரிவில் ஏழு உயிர்கள் போனதும் புயல் 'வலுவிழந்தது' என்ற செய்தி வந்த பிறகுதான்.

வானிலை ஆய்வு மையத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஃபெஞ்சல் புயலாக மாறாது என்று ஒரு நாள் சொல்லிவிட்டு மறுநாள் மாற்றிச் சொன்னார்கள் என்பதற்காக அன்று கேலி செய்தவர்கள் பலர். வலுவைக் கணிப்பது தடத்தைக் கணிப்பதைவிடக் கடினம். தடத்திலேயே ஒரு நாள் முன்னறிவிப்பில் சராசரியாக 70, 80 கி.மீ. விலகல் இருக்கிறது. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே 40 கி.மீ.கூட இல்லை. ஆகவே தங்கள் ஓவியர் போடும் அந்த ஒல்லி அம்பைப் பார்த்து 'நமக்கு இல்லை' என்று யாரும் படுக்கப் போகக் கூடாது. அம்புக்குப் பதிலாக இரு பக்கமும் விரியும் பட்டையாக வரையச் சொல்லுங்கள்.

கூடவே நகரும் வேகத்தை முதல் பக்கத்தில் போடுங்கள். மணிக்கு ஐந்தாறு கி.மீ. என்று குறைந்தால் அதையே தலைப்பாக்குங்கள். ஆற்றின் மேல்மடையில் பெய்யும் மழையளவைத் தங்கள் இணையதளத்தில் இரவோடு இரவாக வெளியிடுங்கள். தானியங்கி மழைமானிகள் இப்போது பல இடங்களில் இருக்கின்றன. அவை இல்லாத ஊரில் நிருபர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு போன் போடட்டும். மழைமானி பார்ப்பவர் சொல்லிவிடுவார், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
திண்டிவனம்.