அந்தச் சத்தத்தோடு ஓடாதே, பிள்ளை

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

உன் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சத்தத்தைப் பதிந்து நீ அனுப்பியதைக் காலமையும் கேட்டேன், இரவு வீடு அடங்கிய பிறகும் கேட்டேன். அது டபட் சத்தம் இல்லை. டபட் என்றால், அதாவது வால்வுக்கும் அதை அமத்துகிற றொக்கருக்கும் உள்ள இடைவெளி கூடினால், தையல் மெசின் மாதிரி ஒரே சீராக டிக் டிக் என்று வரும். எஞ்சின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். உன்னுடைய எஞ்சினில் ஸ்டார்ட் பண்ணியவுடன் இடப்பக்கம் சலசலக்கிறது, கொஞ்சம் முறுக்கினால் அடங்குகிறது, கையை விட்டவுடன் திரும்ப வருகிறது. எஞ்சினுக்குள் கேமைச் சுழற்றுகிற டைமிங் செயின் தொய்ந்து உள்ளே அடிபடுகிறது. அதை இறுக்கிப் பிடிக்கிற டென்சனர் போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

நீ கொண்டுபோய்க் காட்டிய கராஜில், தடித்த ஒயில் ஊற்றினால் சரிவரும் என்று சொன்னார்களாம். அதைச் செய்யாதே. உன் மோட்டார் சைக்கிளில் டென்சனரைத் தள்ளுவது ஸ்பிரிங், ஒயில் இல்லை. தடித்த ஒயில் சத்தத்தைக் கொஞ்சம் மூடிவைக்கும், அவ்வளவுதான். அதோடு காலமை குளிர்ந்த எஞ்சினில் அது மேலே, வால்வுகளைத் திறக்கிற கேம் வரைக்கும் ஏறவும் நேரம் எடுக்கும்.

போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். வேலை செய்யும்போது இந்தக் கடதாசியைப் பக்கத்தில் வைத்துக்கொள். கராஜில் எனக்கு ஸ்பனர் எடுத்துத் தந்து வளர்ந்த பிள்ளை நீ, உன்னால் முடியும். ஆனால் ஏன் என்று விளங்கிச் செய்ய வேண்டும்.

பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் இணைப்பது அந்தச் செயின்தான். எஞ்சின் முன்பக்கமாகச் சுழலும்போது கிராங்க் செயினின் முன்பக்கத்தைக் கீழே இழுக்கும். அதனால் முன்பக்கம் எப்போதும் இறுக்கம், பின்பக்கம் தொய்வு. டென்சனரைச் சிலிண்டரின் பின்பக்கம், கார்பரேட்டருக்குக் கிட்டப் பூட்டியிருப்பது அதனால்தான். அதற்குள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங், புரி போட்ட ஒரு அச்சைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அச்சுத் திரும்பத் திரும்பத் தண்டு வெளியே வந்து, ரப்பர் முகம் உள்ள பட்டையை அமத்தும், பட்டை செயினை அமத்தும். செயின் தேயத் தேயத் தண்டு முன்னுக்கு வரும், பின்னுக்குப் போகக்கூடாது. ஸ்பிரிங் சோர்ந்தாலோ புரி தேய்ந்தாலோ, செயின் அடிக்கிற அடிக்கு அது பின்னுக்குப் போகத் தொடங்கும்.

தொய்ந்த செயின் அலுமினியச் சுவரை அராவும், அந்தத் தூள் ஒயிலில் கலக்கும். அது மெல்ல மெல்ல நடக்கிற கேடு. நான் பயப்படுவது செயின் பல் தாண்டுவதற்கு. கேமின் சக்கரத்தில் 34 பல் என்றால், ஒரு பல் தாண்டக் கேம் 10 பாகைக்கு மேல் பிசகும். கிராங்க் கணக்கில் 21 பாகை. அதோடு இழுவை போய்விடும். இன்னும் தாண்டினால் வால்வு மூட வேண்டிய நேரத்தில் திறந்து நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அதில் மோதும். வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. சின்னச் சாமான் ஒன்றுக்காகப் பார்த்து முழு எஞ்சினையும் விரித்துப் போட்டிருக்கிற ஆட்களை என் கராஜில் நிறையக் கண்டிருக்கிறேன்.

இனி வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நீ இருக்கிற மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். எங்கள் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மோட்டார் சைக்கிள்கள் போலவே உன்னுடையதிலும் அந்தச் சின்னப் போல்ட்கள் உப்புக்காற்றில் இறுகித்தான் இருக்கும். முதல்நாள் இரவே துரு இளக்குகிற எண்ணெய் விட்டு வை. கழற்றும்போது ஒரேயடியாக நெம்பாதே. கொஞ்சம் இளக்கு, கொஞ்சம் திரும்ப இறுக்கு, பிறகு இளக்கு. 6 மில்லிமீற்றர் போல்ட் அலுமினியத்துக்குள் முறிந்தால் அது வேறொரு பெரிய வேலை.

முதலில் பிஸ்டனை டொப்பில், அதாவது அது ஏறுகிற உச்சியில் வை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்று, இடப்பக்க மூடியில் உள்ள இரண்டு துவாரத் தொப்பியையும் எடு. மக்னெட், அதாவது கிராங்கின் இடப்பக்க நுனியில் உள்ள காந்தச் சக்கரம், அதன் நட்டில் சொக்கட் போட்டு, இடப்பக்கம் நின்று பார்க்க மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பு. மக்னெட்டில் உள்ள T அடையாளம் மூடியில் உள்ள கோட்டோடு சேர வேண்டும், அந்த நேரம் இரண்டு றொக்கரிலும் சின்ன ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது கேமை ஒரு வால்வு ஸ்பிரிங்கும் தள்ளாது. செயின் தொய்ந்தாலும் கேம் தானாகச் சுழலாமல் நிற்கும்.

பிறகு டென்சனரின் நடுப் போல்ட்டைக் கழற்றி, சின்னத் தட்டைத் திருப்புளியை உள்ளே விட்டு வலப்பக்கமாகத் திருப்பு. தண்டு முழுதாக உள்ளே போக எத்தனை சுற்று எடுக்கிறது என்று எண்ணி எழுதி வை. திருப்புளியைப் பிடித்தபடியே இரண்டு போல்ட்டையும் மாறி மாறி இளக்கிக் கழற்று. டென்சனர் கைக்கு வந்ததும் தண்டை முழுதாக வெளியே விட்டு, திரும்ப உள்ளே திருப்பி எண்ணிப் பார். இந்த எண்ணிக்கையும் எஞ்சினில் எண்ணியதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், தண்டு தன் எல்லைக்கே வந்துவிட்டது. அப்படியென்றால் செயின்தான் இழுபட்டு முடிந்திருக்கிறது. புது டென்சனர் வாங்கிப் பூட்டினாலும் சத்தம் போகாது. செயினும் பட்டையும் மாற்ற வேண்டும், அதற்கு மக்னெட்டைக் கழற்ற வேண்டும். அதை நீ தனியே தொடாதே, எனக்குச் சொல்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் தண்டைப் பாதி வெளியே விட்டு, பெருவிரலால் பலமாக அமத்து. உள்ளே போகிறதா? அப்படியென்றால் கள்ளனைப் பிடித்துவிட்டாய்.

டென்சனர் வெளியே இருக்கிற நேரம் கிக்கரில் கால் வைக்காதே, ஸ்டார்ட்டர் பட்டனில் கை வைக்காதே, மக்னெட்டையும் திருப்பாதே. திறப்பை எடுத்து உன் பையில் போட்டுக்கொள். வீட்டுக்காரரின் பொடியன்கள் ஏறி இருந்து விளையாடுகிறவர்கள் என்று சொன்னாயே, அதனால்தான்.

சாமான் வாங்கும்போது கவனம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எல்லாரும் பழையதையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். போலிச் சாமானும் நல்ல பெட்டியில் வரும், பெட்டியைப் பார்த்து ஏமாறாதே. கடையிலேயே தண்டை வெளியே விட்டு, பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு வாங்கு. அசையக்கூடாது. ஒயில் கசியாமல் அடைக்கிற கஸ்கட்டும் ஓ ரிங்கும் புதிதாக எடு. கஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கன் பூசச் சொல்லுவார்கள், வேண்டாம். உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து ஒயில் பாதைக்குள் போகும். கையால் இறுக்குகிற போல்ட் டென்சனர் மலிவாக இருக்கிறது என்றும் காட்டுவார்கள். ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர்களுக்கு அது சரி. தெருவில் ஓடுகிற உனக்கு அது தேவையில்லாத தொல்லை. கொஞ்சம் கூட இறுக்கினாலும் பட்டையைத் தின்னும், கொஞ்சம் விட்டால் இதே சத்தம்.

பூட்டும்போது புது டென்சனரின் தண்டை உள்ளே திருப்பி, பூட்டுத் தகட்டைச் செருகி வை. தகடு தராவிட்டால் ஒரு மில்லிமீற்றர் தகரத்தில் வெட்டிக்கொள்ளலாம். இரண்டு போல்ட்டையும் சமமாக இறுக்கு. அளவு 10 நியூட்டன் மீற்றர் போதும்; நீட்டுப் பிடி போடாதே. பிறகு தகட்டை இழு, தண்டு போய்ப் பட்டையில் முட்டுகிற சத்தம் கேட்கும். நடுப் போல்ட்டை ஓ ரிங்கோடு போட்டு மூடு. உடனே ஸ்டார்ட் பண்ணாதே. மக்னெட் நட்டில் பிடித்து அதே பக்கமாக இரண்டு முழுச் சுற்று, கையால், மெதுவாகத் திருப்பு. எங்கேயாவது இறுகி நின்றால் அதோடு நிறுத்து, பலம் போடாதே. தடையில்லாமல் வந்து, T கோட்டில் நிற்கும்போது றொக்கர் இரண்டும் திரும்ப ஆடினால் பிளக்கைப் போடு, ஒயில் அளவைப் பார்த்து, ஸ்டார்ட் பண்ணு.

பொங்கலுக்கு இதிலேயே ஓடிவரப் போவதாக அம்மாவிடம் கதைத்திருக்கிறாய். வேலை முடியாவிட்டால் பஸ்ஸில் வா, மகள். வாகரை தாண்டினால் வெருகல் வரைக்கும் ஆளரவம் குறைந்த தெரு, மார்கழி தை மழை வேறு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் தண்ணீரைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நின்று போன ஆட்கள் நாங்கள். இப்போது பாலம் எல்லாம் வந்துவிட்டது, தெருவில் பயமில்லை. எனக்குப் பயம் அந்தச் செயினில்தான். வேலைக்குப் போய்வரவும் அதுவரை பஸ்ஸைப் பிடி.

டென்சனருக்கும் கஸ்கட்டுக்கும் எவ்வளவு சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது, காசு போட்டுவிடுகிறேன். எண்ணிய சுற்றுகளையும் எழுது. பழைய டென்சனரை எறிந்துவிடாதே, வரும்போது கொண்டு வா. ஸ்பிரிங் சோர்ந்ததா, புரி தேய்ந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா