உன் வழியை அளந்துவிட்டு வந்தேன்

தக்கலை
ஆனி 5

அன்புள்ள மக்கா,

பேக்டரியில் செய்த வீட்டை உன் மனையில் வைக்கலாமா என்று கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. குலசேகரத்தில் இருக்கும் உன் 7 சென்டை நேரில் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. நேற்று காலை மழை கொஞ்சம் விட்டது. மகன் வண்டியில் போய், மனைக்குப் போகும் வழியை டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு மார்த்தாண்டத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. உன் மனையில் நிற்கும் வரிக்கைப் பலா இந்த வருசமும் அடிமரத்திலிருந்தே காய்த்துக் கிடக்கிறது.

"பேக்டரியில் செய்து லாரியில் கொண்டுவந்து வைக்கிறார்களாமே, அது வீடா, பெட்டியா?" என்று கேட்டிருந்தாய். பெட்டியும் உண்டு, பலகையும் உண்டு. சுவர், தரை, கூரை, வயரிங், குழாய் எல்லாம் முடித்து, ஒரு முழு அறையாகவே கொண்டுவந்து கிரேனில் இறக்குவது மாடுலர். சுவரையும் தளத்தையும் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, இடத்தில் வைத்துப் பூட்டுவது பேனல் முறை. இரண்டிலும் பெரும்பகுதி வேலை உன் மனையில் நடக்காது, வேறெங்கோ ஒரு கூரைக்குக் கீழே நடக்கும்.

இது நமக்குப் புதிது என்று நீ நினைக்கிறாய். உன் தாத்தா வீட்டுக்குக் கூரை ஏறிய நாளை மறந்துவிட்டாயா? மூன்று மாதம் எங்கள் முற்றத்தில் ஓலைப்பந்தலுக்குக் கீழே அப்பா உத்திரமும், ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டமான கழுக்கோலும் இழைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கழுக்கோலின் தலையிலும் உளியால் கோடு வெட்டி வைப்பார். ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்கே ஒன்று. எது எங்கே சேரும் என்பதற்கு அதுதான் கணக்கு. பிறகு மாட்டுவண்டியில் ஏற்றிப் போய் ஒரே பகலில் கூரை நின்றது. மரஆணி எடுத்துக் கொடுத்தவர்கள் நாம் இரண்டு பேரும்தான். கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் 133 அடி வள்ளுவரும் அப்படித்தான். கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் என்று மூன்று இடத்துப் பட்டறைகளில் கல்லைச் செதுக்கி, கடல் தாண்டிக் கொண்டுபோய் அடுக்கினார்கள்.

போன மாதம் நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குக் குளியலறையைக் கிரேனில் இறக்குவதைப் பார்த்தேன். டைல்ஸ் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. குழாயும் வாஷ்பேசினும் மாட்டியே இருந்தன. மூலையில் ஒருவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், ஒரு தகட்டைச் சொருகச் சொன்னார், மறுபடி பார்த்தார். முக்கால் மணி நேரம்தான். ஒரு கொத்தனாருக்கு அது எத்தனை நாள் வேலை!

நான் வீடு கட்டின கதை உனக்குத் தெரியும். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையில், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய குழி குளமானது. அது ஓய்ந்து சுவர் எழும்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கம்பி துருவேறிப் போனது. வேலை எடுத்தவர் இரண்டு மாதம் முகமே காட்டவில்லை. பதினான்கு மாதம் ஆனது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்துக்குத்தான் இந்த முறை மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே அஸ்திவாரம் போடும்போதே அங்கே சுவர் தயாராகிவிடும். ஜல்லியும் எம்-சாண்டும் தெருவில் கொட்டிக் கிடக்காது, சிமெண்ட் மூட்டை நனைந்து வீணாகாது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை பிரீகாஸ்ட், அதாவது முன்பே வார்த்து வைத்த கான்கிரீட் துண்டுகளால் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்துவிட்டார்கள். நடுவில் கொரோனாவின் இரண்டாம் அலை வேறு.

ஆனால் மலிவு என்று நம்பி இறங்காதே. ஒரே மாதிரி நூறு வீடு என்றால் துண்டுகளை வார்க்கும் அச்சின் செலவு பங்கிட்டுப் போகும். ஒற்றை வீட்டுக்கு லாரி வாடகையும் கிரேன் வாடகையும் லாபத்தைத் தின்றுவிடும். மனையில் ஒரு செங்கல்கூட ஏறுமுன்பே பெரும்பணம் கேட்பார்கள். வங்கிக் கடனோ கட்டடம் எழும்ப எழும்பத்தான் கைக்கு வரும். அதை முதலிலேயே பேசிக்கொள்.

இன்னொன்று, இணைப்பு. 1968-ல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்று ஒரு 22 மாடிக் கட்டடம், பேனல் முறையில் கட்டியது. பதினெட்டாம் மாடியில் கேஸ் வெடித்ததில் ஒரு மூலை முழுக்கச் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். பேனல்களைப் பிணைத்த இடம் பலமாக இல்லை. அதற்குப் பிறகு விதிகளையே மாற்றினார்கள். அதனால் சுவரின் வழவழப்பைப் பார்க்காதே. எங்கே போல்ட், எங்கே கிரவுட் (இடைவெளியில் ஊற்றும் சிமெண்ட் கலவை), மழைநீர் புகாமல் எதை வைத்து அடைக்கிறார்கள் என்று கேள். குளச்சல், முட்டம் பக்கமாக இருந்தால் உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்குமா என்றும் கேட்கச் சொல்லுவேன். குலசேகரத்தில் அந்தக் கவலை இல்லை.

இனி உன் வழி. ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டம் வரை 14 அடி அகலம், தாராளம். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப்பக்கம் வளைவில் 9 அடி 4 அங்குலம். ஒரு ஓரத்தில் பாறை, மறு ஓரத்தில் பக்கத்து வீட்டு மதில். லாரியே எட்டரை அடி அகலம் வரும். நேர்வழியில் போய்விடும், அந்த வளைவில் நீள வண்டி திரும்பாது. அறை முழுக்க ஏற்றிய டிரெய்லரை மறந்துவிடு. சின்ன லாரியில் பேனல்கள் வரும். கிரேன் நிற்க, கிணற்றுக்குத் தெற்கே இடம் இருக்கிறது. அது நிற்க வேண்டுமென்றால் பலாவில் ஒரு கிளையை இறக்க வேண்டும். மரத்தை வெட்ட நான் விடமாட்டேன், கிளை போதும்.

அதனால் பேனல் வீடு போடு. நீ கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கொத்தனாரைப் போனில் விரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் வேலை தொடங்கிய பிறகு "ஜன்னலை இந்தப் பக்கம் மாற்றுங்கள்" என்று சொல்லவும் முடியாது. ஸ்விட்ச் எங்கே, குழாய் எங்கே என்பதெல்லாம் பேக்டரிக்குப் போகுமுன்பே முடிவாக வேண்டும். உன் வீட்டுக்காரியிடம் உட்கார்ந்து பேசு. அடுக்களை ஜன்னல் கிணற்றைப் பார்க்க வேண்டுமா, பலாவைப் பார்க்க வேண்டுமா என்று அவள் சொல்லட்டும். வளைவின் அளவையும் மனையின் அளவையும் தனித்தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஆவணியில் நீங்கள் வரும்போது பாலத்தில் நின்று மறுபடி ஒருமுறை அளப்போம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்