ருமென் திரவம் கையெழுத்துக்குக் காத்திருக்காது

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை பண்ணை வாசலில் நடந்தது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பதிவேடும் விளக்கக் கடிதமும் உங்கள் மேசைக்கு வந்துவிட்டன. அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. ஆய்வகத்துக்கு எடுத்துப்போன ருமென் திரவத்தோடு நான் வாசலில் நிறுத்தப்பட்ட, அந்தக் கடிதத்தில் ஒரே வரியில் முடிந்துபோன 50 நிமிடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ருமென் என்பது தீவனம் நொதிக்கும் மாட்டின் முதல் இரைப்பை. ஒரு தீவனம் எவ்வளவு செரிக்கும் என்று ஆய்வகத்தில் பார்க்க அதன் திரவம் எங்களுக்கு வேண்டும். அதை எடுப்பதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். மாட்டின் இடது விலாவில் ருமெனுக்குள் போகும்படி பொருத்திய கேனுலா என்ற குழாயின் மூடியைத் திறந்ததும் வெதுவெதுப்பாக ஆவி வரும். நீளமான கையுறையோடு கையை உள்ளே விட்டு, நாலைந்து இடங்களிலிருந்து நார்க்கூளத்தை அள்ளிப் பிழிய வேண்டும். அதை மஸ்லின் துணியில் வடிகட்டி, முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ஃபிளாஸ்க்கில் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. அந்தத் திரவத்தின் ஒரு மில்லிலிட்டரில் 1,000 கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் முடங்கிவிடும். சூடு 39 டிகிரியிலிருந்து இறங்கினாலும் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். மூடியைத் திருகிய நொடியிலிருந்து எங்களுக்கு ஓட்டம்தான்.

அந்த ஓட்டம் செவ்வாய்க்கிழமை வாசலோடு நின்றது. மாதிரி வெளியே போகக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடுபவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். காவலர், "உள்ளே என்ன, திறந்து காட்டுங்க" என்றார். திறந்து காட்டினேன். பணி மாறி அடுத்தவர் வந்தார், அவரும் கேட்டார். மறுபடியும் திறந்தேன். அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை, சொன்ன வேலையைத்தான் செய்தார்கள். ஃபிளாஸ்க்கைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்தில் போய் அளந்தபோது 33 டிகிரி.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 60 கண்ணாடி சிரிஞ்சுகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றிலும் 200 மில்லிகிராம் தீவனம் நிறுத்துப் போட்டு, பிஸ்டனுக்கு வாசலின் தடவி, முந்தின நாள் முழுவதும் இரண்டு பேர் செய்த வேலை அது. சரி, பார்ப்போம் என்று திரவத்தைப் பஃபரில் (அமிலத்தன்மை அதிகம் மாறாமல் காக்கும் கரைசலில்) கலந்து 30 மில்லிலிட்டர் வீதம் ஏற்றினோம். ஆய்வாளர் மென்கேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979-ல் ஜெர்மனியின் ஹோஹன்ஹைமில் வகுத்த முறைதான். நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போது வாயு பிஸ்டனைத் தள்ளும், 24 மணி நேரத்தில் எவ்வளவு தள்ளியது என்று பார்ப்போம். மறுநாள் முதலில் பார்த்தது, எவ்வளவு வாயு தரும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்த உலர்புல் மாதிரியைத்தான். மூன்று சிரிஞ்சிலும் வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே நின்றது. அது சரியில்லை என்றால் மற்ற எந்தத் தீவனத்தின் எண்ணையும் நம்ப முடியாது. 60 சிரிஞ்சையும் கொட்டிக் கழுவினோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ருமென் திரவத்தைக் காலைத் தீவனத்துக்கு முன்பே எடுக்கவும், எடுத்த கையோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோகவும் எங்களுக்கு நிரந்தர அனுமதி கொடுங்கள்.

தீவனத்துக்கு முன்பு என்று ஏன் வற்புறுத்துகிறோம்? மாடு தின்ற பிறகு ருமெனின் அமிலத்தன்மை மணிக்கு மணி மாறும். புதிதாகத் தின்ற தீவனத் துகளும் திரவத்தோடு வந்து, ஒப்பிடுவதற்காக நாங்கள் தீவனம் எதுவும் போடாமல் வைக்கும் பிளாங்க் சிரிஞ்சிலேயே வாயுவைக் கிளப்பிவிடும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நேரத்தில் எடுத்தால் இந்த வார எண்ணையும் அடுத்த வார எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

இறைச்சிக்கூடத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். வாங்கலாம், சில ஆய்வகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அந்த மாடு நேற்று என்ன தின்றது, எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் மாடுகளின் தீவனம் எங்களுக்குக் கிராம் கணக்கில் தெரியும். வெறும் வேதியியல் பகுப்பாய்வு போதாதா என்றும் கேட்டார்கள். நார் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லும். அதில் எவ்வளவை நுண்ணுயிர்கள் எவ்வளவு வேகத்தில் உடைக்கும் என்பதைச் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இரண்டாவது நாளே "ரிசல்ட் எங்கே?" என்று தொலைபேசி வருகிறது. நாங்கள் செய்யும் இன்னொரு சோதனை, 1963-ல் டில்லி, டெர்ரி என்ற ஆய்வாளர்கள் கொடுத்த செரிமான முறை. அதில் தீவனம் ருமென் திரவத்தில் 48 மணி நேரம், அப்புறம் பெப்சின் என்ற செரிமான நொதியும் அமிலமும் சேர்த்து இன்னும் 48 மணி நேரம். நான்கு நாளை எந்த அவசரக் கடிதத்தாலும் இரண்டு நாளாக்க முடியாது. ஆறு மாதமாகக் கேட்கும் இரண்டாவது ஃபிளாஸ்க்குக்கு "பரிசீலனையில்" என்ற பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. தாமதம் எங்களால் என்று கூட்டத்தில் சொல்லும்போது வலிக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிட வலிப்பது அந்த மாடு. அறுவை சிகிச்சை செய்து அதன் உடம்பில் நிரந்தரமாக ஒரு திறப்பை வைத்திருக்கிறோம். ஓரிரு மாடுகள் இதைத் தாங்கிக்கொள்வதால்தான் ஒவ்வொரு தீவனத்தையும் பல மாடுகளுக்குப் போட்டுச் சோதிக்காமல் சிரிஞ்சிலேயே பார்க்க முடிகிறது. அதனிடமிருந்து எடுத்ததை வாசலில் ஆற வைத்துக் கீழே கொட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதன் மூடியைத் திறந்தேன். அது வழக்கம்போல அசைபோட்டபடி நின்றது. எனக்குத்தான் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோபத்தில் வார்த்தை ஏதாவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முந்தின நாள் மாலையே எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கிறோம். யார் வருகிறோம், எத்தனை லிட்டர், எந்த மாடு, எல்லாம் அதில் இருக்கும். காலையில் ஃபிளாஸ்க்கைத் திறக்கச் சொல்லாமல் விட்டால் போதும். தீவனத்துக்கு முன் எடுக்கவும், நிற்காமல் கொண்டுபோகவும் அனுமதி தாருங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த முறை சிரிஞ்ச் ஏற்றுவது வரும் திங்கள்கிழமை. காலை 5.30 மணிக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
தீவனச் செரிமான ஆய்வகத்திலிருந்து ஓர் ஆய்வக உதவியாளர்