சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோம்: டொங்காங் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள டொங்காங் ஊராருக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, கடைசி நாள் விடிகாலையில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போன தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். நான், என் மனைவி, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அப்பா. வாய் திறக்காமல் போகச் சொன்னதே நீங்கள்தான், அதனால் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் விருந்து சாப்பிட்ட வீட்டில் 'போய்ட்டு வர்றோம்' என்று சொல்லாமல் படியிறங்கியது அப்பாவுக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஒரு லெட்டராவது போடுடா" என்று அவர் நச்சரித்ததில் பிறந்தது இந்த மடல்.

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் உங்கள் ஊர்த் தோழி இதைச் சீனத்தில் எழுதி உங்கள் லைன் செயலிக் குழுவில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழில் படிக்கிறவர்களுக்கு வாங்யே என்கிற தெய்வங்கள் யார், விழா முடிவில் கப்பலை எதற்கு எரிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. அவர்களுக்காக நடுநடுவே உங்கள் கதையை உங்களிடமே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொங்காங், தைவானின் தென்மேற்குக் கரையில் பிங்டுங் மாவட்டத்தில் இருக்கும் மீன்பிடி ஊர். சூரை மீனுக்குப் பேர்போனது. நாங்கள் இருக்கும் காவ்சியுங் நகரத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம். ஊரின் பெரிய கோயில் டொங்லொங் கோயில். 1706இல் தொடங்கியது என்கிறார்கள். மூலவர் வென் வாங்யே. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சீன ராசி வரிசையில் எருது, டிராகன், ஆடு, நாய் ஆண்டுகளில், வேறு ஐந்து வாங்யேக்கள் கடல்வழியாக இந்த ஊருக்கு வருகிறார்கள். கலெக்டர் ஜமாபந்திக்கு வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்: விண்ணுலக அரசரின் சார்பில் ஊர் ஊராகப் போய் நல்லது கெட்டது விசாரிக்கிற அதிகாரிகள் அவர்கள். எட்டு நாள் விழா. முதல் நாள் கடற்கரையில் வரவேற்பு. இடையில் பல்லக்கில் ஊர்வலம். கடைசியில், ஊரின் நோய்நொடியையும் பீடையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போக ஒரு கப்பல்.

முன்காலத்தில் இப்படிப்பட்ட கப்பல்களைக் கடலில் மிதக்க விடுவதும் உண்டாம். அது காற்றில் அலைந்து வேறொரு ஊரின் கரையில் ஒதுங்கும். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் பயந்துபோய் அதற்குப் பூசை போட்டுத் திரும்ப அனுப்ப வேண்டும். எரித்துவிட்டால் கப்பல் நேரே வானத்து ஆற்றில் போய்விடும், யாருக்கும் தொல்லை இல்லை. இதே வழக்கம் மலாக்காவிலும் உண்டு. 2020இல் சீனாவும் மலேசியாவும் சேர்ந்து தங்கள் கப்பல் சடங்குகளை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன. மலேசியத் தமிழர்களில் சிலர் நேரில் பார்த்தும் இருப்பீர்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் தோழியின் அம்மாவுக்கு. ஆயி, உங்கள் வீட்டில் அந்த வாரம் மூச்சுவிட இடமில்லை. தைபேயிலிருந்து ஒரு மகன் குடும்பம், தைச்சுங்கிலிருந்து தங்கை குடும்பம், கூடத்தில் வரிசையாகப் பாய். புத்தாண்டுக்கு வராதவன்கூட இதற்கு வந்துவிடுவான் என்று நீங்களே சொன்னீர்கள். அதற்கு நடுவில், கட்டில் போட்ட அறையை எங்கள் அப்பாவின் முட்டிவலிக்காக ஒதுக்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் போய்ப் பேத்திகளோடு தரையில் படுத்தீர்கள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னது உங்கள் காதில் விழவே இல்லை. காலை, மதியம், இரவு, எந்த நேரம் வாசலில் கால் வைத்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்பீர்கள். ஆச்சு என்றாலும் தட்டு வரும். சக்குரா இறால் போட்ட வறுத்த சோற்றை அப்பா மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை என் மனைவி ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "காரம் மட்டும் இல்லை" என்று அவர் தமிழில் முணுமுணுத்தது எப்படி உங்களுக்குப் புரிந்ததோ, மறுநாள் மேசையில் மிளகாய்ச் சாந்து பாட்டில் இருந்தது.

அடுத்து, கப்பல் கட்டும் கொட்டகையில் இருந்த பெரியவருக்கு. இவருக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா ஓடாவி. தூத்துக்குடியில் மரத்தோணி கட்டியும் பழுது பார்த்தும் பிழைத்தவர். விழாவுக்கு முன்பே ஒரு நாள் தோழி எங்களைக் கோயில் வளாகத்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனபோது, கோயிலின் தங்க ரேக்கு பதித்த தோரண வாயிலை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே நிற்கிற கப்பலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். சுமார் 14 மீட்டர் நீளம், முழுக்க மரம். முகப்பில் இரண்டு பெரிய கண்கள், பக்கவாட்டில் புராணக் காட்சிகள் தீட்டிய பலகைகள். காகிதத்தில் செய்துகொண்டிருந்த கப்பலை 1973இல் மரத்துக்கு மாற்றினார்களாம். ஊரில் படகு கட்டுகிற தச்சர்கள் நிறைய இருந்ததால் அது கைகூடியது. இன்றைக்கும் தொண்டாகத்தான் கட்டுகிறார்கள்.

பெரியவரே, நீங்கள் அப்போது ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கப்பலைத் தொடாமல், பலகையும் பலகையும் சேருகிற இடத்தையே கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டு நடந்ததைக் கவனித்தீர்கள். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய் ஓர் இழைப்புளியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தீர்கள். அவர் அதைத் திருப்பி அடியைத் தடவினார், அலகின் கூரைக் கட்டைவிரலில் பார்த்தார், தலையாட்டினார். நீங்கள் சிரித்தீர்கள். அதற்கப்புறம் செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் வெறும் எடுபிடிதான்.

அப்பா கேட்ட கேள்வி எனக்கே சங்கடமாக இருந்தது: "எரிக்கப் போற கப்பலுக்கு எதுக்கு உள்பக்கம்கூட இவ்வளவு இழைப்பு?" நீங்கள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: "ஏறிப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியுமா?" அப்பா உடனே, "அதானே" என்றார். அப்புறம் இருவரும் பைபர் படகுகளைத் திட்டினீர்கள். அங்கேயும் மீன்பிடிப் படகெல்லாம் பைபராகிவிட்டது, இங்கேயும் அப்படியே. மரவேலை கற்க ஆள் இல்லை என்பதில் இருவருக்கும் முழு உடன்பாடு.

இந்த விழாவைப் பற்றிச் சொன்னால் என் நண்பர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பணமும் உழைப்பும் போட்டுக் கட்டியதை எரிப்பது வீண் இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொட்டகையிலிருந்து திரும்பி வரும்போது அப்பா சொன்ன கணக்கு வேறு. பத்திரமாக வைத்திருந்தால் ஒரே கப்பல்தான் இருக்கும், அருங்காட்சியகத்தில் தூசு படிந்து. எரிப்பதால்தான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டியாக வேண்டியிருக்கிறது. கட்ட வேண்டியிருப்பதால் பெரியவர் பக்கத்தில் எப்போதும் ஓர் இளவட்டம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு நிற்கிறான். தூத்துக்குடியில் அவருக்கு அப்படி ஒருவன் வாய்க்கவில்லை. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமையோடுதான் சொன்னார்.

பல்லக்குக் குழுப் பையன்களுக்கு அடுத்த நன்றி. ஊர் ஏழு பேட்டையாகப் பிரிந்து, ஐந்து வாங்யேக்கள், அவர்களுடைய படைத்தலைவர், உள்ளூர் வென் வாங்யே என ஏழு பல்லக்குகளைச் சுமக்கிறது. எந்தப் பேட்டைக்கு எந்தப் பல்லக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத்தில் சட்டை. வெயிலில் நாள் முழுக்க நடந்து, காது கிழிகிற வெடிச் சத்தத்தில் பல்லக்கை ஆட்டி ஆட்டித் தூக்கிப் போகிறார்கள். தெருவில் சனங்கள் வரிசையாக மண்டியிட்டுக் குனிந்துகொள்ள, பல்லக்கு அவர்கள் தலைக்கு மேலே போகிறது. பீடை கழியும் என்று நம்பிக்கை. அப்பாவுக்கு ஆசை, ஆனால் முட்டி மடங்காது. பாதி குனிந்த நிலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் வந்த பையன் பார்த்துவிட்டான். ஏதோ குரல் கொடுத்தான், பல்லக்கு நின்றது, எல்லோரும் சேர்ந்து தண்டைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்கினார்கள். அந்தக் கனத்தோடு அப்படியே நாலைந்து அடி. அப்பா குனியாமலே கடந்தார். தம்பிகளா, உங்கள் முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வியர்வையும் புகையும்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் மேசை போட்டுத் தேநீர், பழம், சூப் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்த அக்காமார்களுக்கும் நன்றி. காசு கொடுக்க முயன்ற என் மனைவியை நீங்கள் முறைத்த முறைப்பு அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தவறுக்குப் பரிகாரமாக, கைதிகளுக்குப் பூட்டுகிற விலங்குபோலக் காகிதத்தில் செய்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தவர்களைப் பற்றி நாங்கள் கேட்டபோது, அவர்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னதும் உங்களில் ஒருவர்தான்.

இனிக் கடைசி இரவு. அதற்கு முந்தைய பகலில் கப்பலைச் சக்கரத்தின் மேல் ஏற்றி ஊரெல்லாம் இழுத்து வந்தார்கள். முன்னால் ஒருவர் தரையில் தண்ணீர்ப் பாதை போட்டுக்கொண்டே போக, கப்பல் அதன் மேல் 'மிதந்து' வந்தது. இரவில் கோயிலுக்குள் வாங்யேக்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பதார்த்தங்களோடு விருந்து. தாவோயிசக் குருமார் நோய்களைச் சாந்தப்படுத்திக் கப்பலில் ஏற்றும் சடங்கு. நள்ளிரவுக்கு மேல் கப்பல் கடற்கரைக்கு வந்தது.

மணலில் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழித்த எங்களை, முன்கூட்டியே வந்து இடம்பிடித்திருந்த ஒரு குடும்பம் கூப்பிட்டு உட்கார வைத்தது. பாட்டிக்குக் கொண்டுவந்த மடக்கு நாற்காலியை அப்பாவிடம் தள்ளினார்கள். பாட்டியோ ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தோம்: கட்டுக் கட்டாகக் காகிதப் பணம் (தெய்வங்களுக்காக எரிக்கிற போலிப் பணம்) கை மாறி வந்து கப்பலைச் சுற்றி மலையாகக் குவிந்தது. அரிசி, உப்பு, விறகு, சட்டி பானை, பயணத்துக்கு வேண்டியது எல்லாம் ஏறியது. பாய்மரங்களை நிமிர்த்தினார்கள். கயிறு பிடித்தவர்களின் ஒவ்வோர் அசைவுக்கும் அப்பாவின் கையும் சேர்ந்து அசைந்தது.

விடிவதற்கு முன் வெடிச்சரத்தைக் கொளுத்தினார்கள். காகிதம் பிடித்து, பலகை பிடித்து, பாய் ஒரே நொடியில் போனது. அனல் தாங்காமல் கூட்டம் பின்வாங்கியபோது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்த தொண்டர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்து மேல்காற்றுப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். இல்லாவிட்டால் சாம்பலும் தீப்பொறியும் எங்கள் மேல்தான் விழுந்திருக்கும். சுற்றுலா வந்தவர்கள் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி அங்கேயே நின்றார்கள். ஊர்க்காரர்களோ கொடியைச் சுருட்டி, மேளத்தையும் தாளத்தையும் நிறுத்தி, ஒருவருக்கொருவர் பேசாமல் திரும்பத் தொடங்கிவிட்டீர்கள். சத்தம் கேட்டால் கிளம்பிய வாங்யேக்கள் திரும்பி வந்துவிடக்கூடும் அல்லவா. தோழி உதட்டில் விரல் வைத்துக் காட்ட, நாங்களும் நடந்தோம். ஆயி எங்கள் பையில் எதையோ திணித்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தைக் கைகாட்டினார். பையில் இருந்தது மிளகாய்ச் சாந்து.

இப்படி வாய் திறக்காமல் வந்துவிட்டதால்தான் பாட்டிக்கும், காற்று தெரிந்த அந்தத் தொண்டருக்கும், பல்லக்குத் தம்பிகளுக்கும் அங்கே சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்: மிக்க நன்றி. யாராவது அவர்களை அடையாளம் கண்டால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

எடுத்த படங்களைத் தோழியிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2027 ஆடு ஆண்டு. இடம் இருந்தால் நாங்களும் வருகிறோம், இந்த முறை பாயைக் கையோடு கொண்டுவருகிறோம். அப்பா ஊருக்குத் திரும்பியதிலிருந்து பெரியவருக்காக முழ நீளத்தில் ஒரு தூத்துக்குடித் தோணி செய்துகொண்டிருக்கிறார். முடிந்ததும் பார்சலில் வரும். அதை மட்டும் எரித்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னார்.

அன்புடன்,
காவ்சியுங்கிலிருந்து உங்கள் தமிழ்க் குடும்பம்