ஜெர்மனியில் ஹாலே நகரில் இருக்கும் மகளுக்கு

பிரியமுள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி முன்னைக்குத் தேவலை. அங்கே குளிர் கூடுதல் என்று கேள்விப்பட்டோம். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் கட்டுரையை நீ அனுப்பவில்லை. நம் சபைக் குரு ஐயர் செல்போனில் வந்ததென்று காட்டினார், உட்கார்ந்து முழுதும் படித்தேன். 1733-இல் தரங்கம்பாடி மிஷனின் முதல் தமிழ்க் குருவாக ஆரோனுக்குப் பட்டம் கொடுத்ததை நம் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். சிப்பாயாயிருந்து உபதேசியாரான ராஜநாயக்கனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை எந்த ஜூபிலி மலரிலும் நாங்கள் போட்டதில்லை. அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக்காரர்கள் வரமாட்டார்கள் என்று மிஷனரிகளே தயங்கியதைக் கடிதத்தோடு எடுத்துவைத்திருக்கிறாய். சபைச்சங்கத்தில் சிலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். தரங்கம்பாடிக்கு வந்த முதல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1713-இல் நம் தெய்வங்களைப் பற்றி எழுதியதை, மிஷனை அங்கிருந்து நடத்திய அந்த ஹாலேக்காரர்கள் அச்சுக்கு விடவில்லை, 1867-இல் சென்னையில்தான் வெளிவந்தது என்று எனக்குச் சொன்னவளே நீதானே. தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறை எழுத்தை விரலால் தடவி வாசித்த பிள்ளை இன்று அவர் கையெழுத்தையே வாசிக்கிறாள் என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஆனாலும் கட்டுரையை முதலில் எனக்கு அனுப்பியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆவணக்காப்பகம் பூட்டியிருக்குமாமே. அன்றைக்கு என்ன செய்கிறாய்? மார்க்கெட் ஆலயத்துப் படம் அனுப்பினாய், நான்கு கோபுரமும் நன்றாக விழுந்திருந்தது. இசைமேதை ஹேண்டெல் ஞானஸ்நானம் பெற்ற இடம் என்றும் எழுதியிருந்தாய். லூத்தர் இறந்தபோது எடுத்த முக அச்சு உள்ளே இருக்கிறதாமே, பார்த்தாயா? வந்த படமெல்லாம் வெளியிலிருந்து எடுத்ததாகவே இருக்கிறது. பழைய தாள் வாசித்து வாசித்து மனசு வறண்டுபோகும் என்பார்கள். உனக்கு அப்படி இருக்காது. வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு போ.

இறையியல் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கச் சபைச் சான்று வேண்டுமென்றாயே, ஐயரிடம் கேட்டேன். தருகிறேன் என்றார். எழுதும்போது நிமிர்ந்து, "பாப்பா அங்கே எந்த ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போகிறாள்?" என்றார். போகிறாள், பெயர்தான் வாயில் நுழையவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற ஞாயிறு மறுபடி கேட்பார். அதற்குள் பெயரை எழுதியனுப்பு.

இப்படிக்கு,
அப்பா