கல்யாண புளூ-ரே காப்பியில் படம் ஏன் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண வீடியோவை எச்டி தரத்தில் புளூ-ரே டிஸ்க்கில் வாங்கி வைத்த குடும்பங்கள் சேலத்தில் ஏராளம். அண்ணன் வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று இப்போது அதைக் காப்பி போடக் கொடுக்கிறார்கள். ஒரிஜினல் ஓடுகிறது, காப்பி மக்கர் செய்கிறது. காப்பி போட்டவர் "உங்க ப்ளேயர்லதான் கோளாறு" என்கிறார். ப்ளேயர் ரிப்பேர் பார்ப்பவர் "டிஸ்க் மட்டம்" என்கிறார். எங்கள் தொழில் அனுபவத்தில், பெரும்பாலும் காப்பி எடுத்த முறையில்தான் தவறு இருக்கிறது. எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும்.

ப்ளேயரில் போட்டதும் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று வந்தாலோ, படத்துக்குப் பதில் ஃபோல்டர் பெயர்கள் வந்தாலோ, ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார்கள். புளூ-ரேயில் பிடிஎம்வி என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஸ்ட்ரீம் ஃபோல்டரில் உள்ள பெரிய எம்2டிஎஸ் (வீடியோ) ஃபைலை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பது ப்ளேலிஸ்ட் ஃபோல்டரில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எந்த நொடி எங்கே என்பது கிளிப்இன்ஃப் ஃபோல்டரில் இருக்கிறது. இவை இல்லாவிட்டால் ப்ளேயரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். முழு ஃபோல்டரையும் எடுத்தாலும், டிஸ்க் யூடிஎஃப் 2.50 என்ற ஃபைல் அமைப்பில் எழுதப்பட்டு, ஃபைனலைஸ் செய்து மூடப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸில் "யூஎஸ்பி டிரைவ் போல" என்ற வழியில் எழுதிய டிஸ்க் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடும். ஹாலில் உள்ள ப்ளேயர் அதை ஏறெடுத்தும் பார்க்காது.

சரியான வழி, இம்க்பர்ன் (ImgBurn) போன்ற மென்பொருளில் ரீட் முறையைத் தேர்ந்தெடுத்து, முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுத்த ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, அதிலிருந்து எழுதுவதுதான். அந்த ஐஎஸ்ஓவைப் பெண்ட்ரைவில் வாங்குவதானால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து கொடுங்கள். எஃப்ஏடி32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 25 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 23.3 ஜிபி என்று காட்டும். அது வெறும் கணக்கு வேறுபாடு, யாரும் எதையும் வெட்டவில்லை. நிரம்பிய டிஸ்க்கின் ஐஎஸ்ஓ புதிய டிஸ்க்கில் கொள்ளவில்லை என்று வந்தால், எழுதும் மென்பொருள் பழுதாகும் இடங்களுக்கு மாற்றாக ஸ்பேர் ஏரியா என்று கொஞ்சம் இடத்தை ஒதுக்கியிருக்கும். செட்டிங்ஸில் அதை நிறுத்திவிட்டு இன்னொரு வெற்று டிஸ்க் போட வேண்டும்.

உண்மையான தலைவலி பழைய டிஸ்க்கைப் படிப்பதில்தான். கறையோ கீறலோ உள்ள இடத்தில் ப்ளேயர் கட்டம் கட்டமாகக் காட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடும். கம்ப்யூட்டர் டிரைவ் அப்படிப் போகாது; ரீட் எரர் என்று நிற்கும், திரும்பத் திரும்ப முயலும். அவசரத்தில் "இக்னோர்" அழுத்தினால், படிக்க முடியாத இடத்தில் வெறும் சுழியங்களை நிரப்பிக்கொண்டு நகரும். புளூ-ரேயில் பிழைதிருத்தம் 64 கேபி தொகுதிகளாக நடக்கிறது. நொடிக்கு 20 மெகாபிட் ஓடும் படத்தில் ஒரு தொகுதி என்பது நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே ஓட்டை விழுந்தால் அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை, அதாவது அரை நொடி, ஒரு நொடி வரைகூட, படம் சிதறும். ஒரிஜினலில் துடைத்தால் போயிருக்கக்கூடிய கறை காப்பியில் நிரந்தர ஓட்டையாகிவிடும். அதிலிருந்து எடுக்கும் அடுத்த காப்பிகளும் அதே ஓட்டையோடுதான் வரும். ஆனால் எந்த டிரைவும் அவற்றில் பிழை சொல்லாது!

ஆகவே எரர் வந்தால் முதலில் டிஸ்க்கை வெளியே எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அப்புறம் படிக்கும் வேகத்தை 2எக்ஸ் ஆகக் குறையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேறு கம்பெனி டிரைவில் போடுங்கள். ஒன்று திணறும் இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடுவது உண்டு. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. செக்டர், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டு, அதன் அளவு 2048 பைட் என்று கொடுத்து ஓடவிட்டால், நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, விட்டுப்போனவற்றை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கும். அதே மேப் ஃபைலோடு இரண்டாவது டிரைவில் ஓட்டினால் விட்டுப்போன செக்டர்களை மட்டும் தேடிப் போகும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம். டிவிடியில் பதிவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மிமீ உள்ளே இருப்பதால் ஓரளவு தாங்கும். புளூ-ரேயில் அது 0.1 மிமீதான், அதற்குமேல் உள்ள கடினப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் டிஸ்க்கின் கதை முடிந்தது.

முகூர்த்தம் நன்றாக ஓடி, கடைசியில் ரிசப்ஷனில் நிற்கிறதா? டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளி ஓரத்துக்கு எழுதப்படுகிறது. ஓரத்தில்தான் நெளிவும் ஆட்டமும் அதிகம். 50 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு ஓரம்வரை போய், இரண்டாவது அங்கிருந்தே உள்நோக்கித் திரும்புகிறது. அதில் நிற்கும் இடம் படத்தின் நடுவே வரும். இரண்டுக்கும் முக்கியக் காரணம், மணமக்கள் படம் போட்ட அந்த காகித ஸ்டிக்கர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலே சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் டிஸ்க்கையே வளைக்கும். மழைக்காலத்தில் ஏற்காட்டு வீடுகளில் அலமாரிக்குள்ளேயே பூஞ்சை பூக்கிறது. அங்கே போகும் காப்பிக்கு ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. நேரடியாக அச்சிடக்கூடிய வெள்ளை மேற்பரப்பு டிஸ்க்குகள் கிடைக்கின்றன. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, டிஸ்க்கை நிற்கவைத்து மூடுங்கள்.

வெற்று டிஸ்க் வாங்கும்போது உறையில் எல்டிஎச் (LTH) என்று இருந்தால் தவிர்க்கலாம். அதில் பதிவு அடுக்கு கரிமச் சாயம். வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் மற்றவற்றைவிடப் பலவீனம், பழைய ப்ளேயர்கள் சில அதைப் படிப்பதும் இல்லை. பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது. எனவே நல்ல டிஸ்க் கிடைக்கும்போதே வேண்டியதை எழுதி வைப்பது உத்தமம். 6எக்ஸ் டிஸ்க்கை 4எக்ஸ்ஸில் எழுதுங்கள். 25 ஜிபிக்கு 23 நிமிடம் ஆகும். அதன்பின் "வெரிஃபை" செய்ய ஏறத்தாழ இன்னொரு அவ்வளவு நேரம். பல கடைகளில் விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான். வெரிஃபை செய்யாமல் கொடுத்த காப்பிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றே சொல்வோம். லேப்டாப்பில் செருகும் சிறிய ரைட்டர் பாதியில் தோற்றால் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்; எழுதும்போது லேசருக்கு அது போதாமல் போகும். இரட்டை முனை கேபிளோ, யூஎஸ்பி 3 போர்ட்டோ வேண்டும்.

படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் செல்போன் கிளிப்பைச் சேர்த்து மறுபடி எடிட் செய்திருப்பார்கள். செல்போன் ஒலி ஏஏசி; புளூ-ரே வீடியோவில் அதற்கு இடமில்லை, ஏசி3 அல்லது எல்பிசிஎம் என்ற ஒலி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதேபோல 1080 வரிப் படத்தில் 25பி, 30பி, 50பி (நொடிக்கு இத்தனை முழு ஃப்ரேம்) எதுவும் புளூ-ரே விதியில் கிடையாது. 25பியை 50ஐ (50i, நொடிக்கு 50 அரை ஃப்ரேம்) என்று குறித்து ஏற்றுமதி செய்தால் தொல்லை இல்லை.

பழைய ஹேண்டிகேம் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிவிடியில் ஏவிசிஎச்டி என்ற எச்டி வடிவத்தில் எழுதிய வீடியோவைப் புளூ-ரே ப்ளேயரில்தான் போட வேண்டும். சாதாரண டிவிடி ப்ளேயரில் போட்டால் ஓடாதது மட்டுமல்ல, டிஸ்க் வெளியே வராமல் மாட்டிக்கொள்ளவும் கூடும். கேமராவில் ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க் அந்தக் கேமராவைத் தவிர வேறெங்கும் ஓடாது. அடாப்டரைச் செருகிக்கொண்டு அதை முதலில் முடியுங்கள். ஒரு விளிம்புக் கணக்கும் உண்டு. டிவிடி பிளஸ் ஆர், டிவிடி மைனஸ் ஆரைவிடச் சுமார் 7 எம்பி சிறியது. நிரம்பிய மைனஸை பிளஸ்ஸில் காப்பி போட்டால் கடைசியில் இடம் பற்றாது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதானால் டிஸ்க்கே வேண்டாம். நம் கல்யாண வீடியோ 50ஐ. அங்குள்ள பல ப்ளேயர்கள் 50 ஹெர்ட்ஸை ஏற்பதில்லை. 59.94ஐ ஆக மாற்றினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஐஎஸ்ஓவை ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்துவிடுங்கள், கம்ப்யூட்டரில் விஎல்சியிலேயே அழகாக ஓடும்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டிங் தொழிலில் இருப்போர்,
அஸ்தம்பட்டி, சேலம்-7.