ஆம்பூர் போர்ட்டும் உன் கேள்வியும்

காட்பாடி

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வேலூர் வெயிலை உனக்கு வர்ணிக்க வேண்டுமா என்ன! எக்விப்மென்ட் ரூமில் ஏசி ஓடுவதால் லீவு போடவே மனசு வருவதில்லை.

சரி, உன் காலேஜ் நெட்வொர்க் லைனுக்கு வருகிறேன். விநாடிக்கு 100 மெகாபிட் லைன், பிங் (எதிர்முனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் சின்ன பாக்கெட்) சுத்தமாகப் போகிறது, ஃபைல் இறக்கினால் மட்டும் ஊர்ந்து வருகிறது என்று எழுதியிருந்தாய். லைன் கொடுத்தவர்கள் "எங்கள் பக்கம் எல்லாம் பச்சை, உங்கள் நெட்வொர்க் சுவிட்சைப் பாருங்கள்" என்கிறார்களாம். அந்த வசனம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம்டி. பச்சை எரிந்தால் லிங்க் வந்திருக்கிறது, அவ்வளவுதான். டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பும் ஃபுல்லா, மாறி மாறி அனுப்பும் ஹாஃபா என்பது) இரண்டு முனையிலும் ஒத்துப்போகாவிட்டாலும் அது பச்சையாகத்தான் எரியும்.

போன மாதம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி லைனில் இதே கதை. பகலில் மெயில் எல்லாம் ஒழுங்காகப் போகும். சாயங்காலம் டிசைன் ஃபைல்களை வெளிநாட்டுக்கு அனுப்ப உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். கேபிளை மாற்றினார்கள், மீடியா கன்வர்ட்டரை மாற்றினார்கள், கடைசியில் சுவிட்சையே மாற்றிவிட்டார்கள். நான் போய் இரண்டு முனைப் போர்ட் (கேபிள் செருகும் துளை) செட்டிங்கையும் லேப்டாப்பில் அருகருகே திறந்து வைத்துப் பார்த்தேன். லைன் கொடுத்த எங்கள் பக்கம் 100 ஃபுல் என்று ஃபிக்ஸ் செய்திருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ எழுதி வைத்த டெம்ப்ளேட். கம்பெனி சுவிட்ச் ஆட்டோவில் இருந்தது.

ஆட்டோ போர்ட் தன்னால் என்னென்ன முடியும் என்று எதிர்முனைக்குச் சொல்லி, அங்கிருந்தும் பதிலை எதிர்பார்க்கும். ஃபிக்ஸ் செய்த போர்ட் பெரும்பாலும் வாயே திறக்காது. வருகிற சிக்னலை வைத்து வேகம் 100 என்பதை ஆட்டோ போர்ட் கண்டுபிடித்துவிடும். ஃபுல்லா ஹாஃபா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பதில் வராவிட்டால் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பதுதான் ஸ்டாண்டர்டு. ஆக, ஒரு முனை நினைத்தபோதெல்லாம் அனுப்புகிறது. மறுமுனையோ, தான் அனுப்பும்போது எதிரே ஏதாவது வந்தால் மோதிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடுகிறது. பிங் ஒவ்வொன்றாகப் போய்த் திரும்புவதால் மோதுவது அபூர்வம். பெரிய ஃபைல் என்றால் டேட்டா ஒரு திசையிலும் அக்னாலெட்ஜ்மென்ட் (வந்து சேர்ந்தது என்ற பதில்) எதிர்த்திசையிலும் ஓயாமல் ஓடும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

போர்ட் எண்ணி வைக்கும் பிழைக் கணக்கை, அதாவது கவுன்டரைப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (காலம் கடந்து நடக்கும் மோதல்) ஏறிக்கொண்டே இருக்கும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி எர்ரரும் (சிதைந்து வந்தவை) ரன்ட்டும் (பாதியில் அறுந்த துண்டுகள்) ஏறும். இந்த ஜோடியைப் பார்த்துவிட்டால் கேபிளைத் தொடாதே.

ஆட்டோவா ஃபிக்ஸா என்று கேட்டிருந்தாய். இரண்டு பக்கமும் ஆட்டோ, சந்தேகமே வேண்டாம். 1995-இல் ஆட்டோ நெகோஷியேஷன் வந்த புதிதில் ஒரு கம்பெனியின் கார்டு இன்னொரு கம்பெனி சுவிட்சோடு முறைத்துக்கொள்ளும். ஃபிக்ஸ் செய்ததில் அன்றைக்கு நியாயம் இருந்தது. 1998-இல் ஸ்டாண்டர்டைத் திருத்தி அந்தக் குழப்பங்களைத் தீர்த்துவிட்டார்கள். காப்பர் கிகாபிட்டில் ஆட்டோ கட்டாயமே ஆகிவிட்டது. எந்த முனை கிளாக் (இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டிய தாளம்) கொடுப்பது என்பதைக்கூட அதில்தான் பேசி முடிக்கின்றன. ஆனாலும் எங்கள் சீனியர்கள் சிலருக்கு 100 ஃபுல் என்று தட்டினால்தான் கை அரிப்பு நிற்கும். லைன்காரர்கள் மாற்ற மாட்டோம் என்று அடம் பிடித்தால் நீயும் 100 ஃபுல் என்று ஃபிக்ஸ் செய்துவிட்டு, போர்ட் டிஸ்கிரிப்ஷனில் (போர்ட்டுக்கு எழுதி வைக்கும் குறிப்பு) அதைக் கட்டாயம் எழுதி வை. உனக்கு அப்புறம் வருகிறவள் உன்னைத் திட்டாமல் இருப்பாள். (டிஸ்கிரிப்ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது: ராணிப்பேட்டை 2019-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது, எங்கள் போர்ட் பெயர்களில் அது இன்னும் வேலூருக்குள்தான் இருக்கிறது.)

தூரத்திலிருந்து மாற்றுவதானால் எதிர்முனையை முதலில் மாற்று, உன் பக்கத்தை அப்புறம். நீ உள்ளே போன வழியே அந்தப் போர்ட்தான் என்றால், சேவ் செய்யாமல், பத்து நிமிஷத்தில் சுவிட்ச் தானாக ரீலோட் ஆகும்படி வைத்துவிட்டுக் கை வை. லிங்க் போய்விட்டாலும் பழைய செட்டிங்கோடு எழுந்து வரும். சரியாக வந்துவிட்டால் ரீலோடை ரத்து செய்து உடனே சேவ் செய். சேவை மறந்தால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் பழையபடி.

டூப்ளெக்ஸ் சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால் எம்டியுவை (ஒரு தடவையில் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பார். விஎல்ஏஎன் டேக் (எந்த உள்-நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்ற அடையாளம்) போட்டால் முழு அளவு ஃபிரேம் (லைனில் போகும் டேட்டா பொட்டலம்) 1518-இலிருந்து 4 பைட் கூடி 1522 ஆகிறது. நடுவில் 1518-க்கு மேல் விழுங்காத பழைய பெட்டி ஒன்று இருந்தால் பெரிய ஃபிரேம்களை மட்டும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், சின்ன பிங் ஜோராகப் போகும். பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட்டில் பிங் அடி. ஹெடர்கள் (பாக்கெட்டின் தலைப்புப் பகுதி) 28 பைட் சேர்ந்து சரியாக 1500, அதாவது முழு எம்டியு, வரும். அது போகாமல் சின்னது மட்டும் போனால் ஆள் அகப்பட்டான்.

முதலில் இரண்டு பக்கமும் கவுன்டரை கிளியர் செய், ஒரு பெரிய ஃபைலை இறக்கு, அப்புறம் இரண்டையும் எடுத்து எனக்கு அனுப்பு. லைன்காரர்கள் தங்கள் பக்கத்தைத் தர மறுத்தால் மெயிலில் எழுத்தாகக் கேள். போனில் கேட்டால் பச்சை என்றுதான் சொல்வார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருவேன் என்றாயே, நிஜமா? வந்தால் குடியாத்தத்துக்குப் போகும் முன் இங்கே ஒரு நாள் தங்கிவிட்டுப் போ. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
மல்லிகா